கம்பெனி எதை விக்குதுனு முதல்ல கேளுங்க

ஐடி வேலைக்கு சர்வீஸ் கம்பெனியா ப்ராடக்ட் கம்பெனியா, எதுல சேரலாம்னு கேட்டு அடிக்கடி எனக்கு போன் வரும். பெரும்பாலும் சொந்தக்காரப் பசங்க, இல்லன்னா கூட வேலை பார்த்தவங்களோட தம்பி தங்கச்சிங்க. கடைசியா கேட்டது எங்க அத்தை பையன். விருதுநகர்லேர்ந்து வந்து பெருங்குடில நாலு பசங்களோட ரூம் எடுத்து இருக்கான், கையில ரெண்டு ஆஃபர். "அக்கா, இதுல எதுல கல்ச்சர் நல்லாருக்கும்?"னான். கல்ச்சரை அப்புறம் பாப்போம்டா, அந்த ரெண்டு கம்பெனியும் எதை வித்து சம்பாதிக்குதுனு சொல்லுனேன். "சாஃப்ட்வேர்தான்க்கா"ன்னான், ரெண்டுக்கும் அதே பதில். அவனைக் குத்தம் சொல்ல முடியாது, காலேஜ் ப்ளேஸ்மெண்ட் ஆபீஸ்லயும் இப்படித்தான் எல்லாத்தையும் ஒரே டப்பால போட்டு "ஐடி கம்பெனி"ன்னு சொல்லிக் கொடுக்கிறாங்க.

என்னோட வாதம் இதுதான். ஆபீஸ் கல்ச்சர்ங்கிறது எச்ஆர் இண்டக்‌ஷன்ல போட்டுக் காட்டுற ஸ்லைடுல இல்ல, கேன்டீன்ல இல்ல, டேபிள் டென்னிஸ் டேபிள்லயும் இல்ல. உங்க மேனேஜர் நல்லவரா கெட்டவராங்கிறதுல கூட பாதிதான் இருக்கு. மிச்சம் முழுக்க அந்த கம்பெனிக்கு காசு எந்த வழியா வருது, அந்த வழியில உங்க ஒரு நாள் எப்படிக் கணக்காகுதுங்கிறதுலேர்ந்து வருது. நான் சர்வீஸ்ல இருந்திருக்கேன், ப்ராடக்ட்ல இருந்திருக்கேன், இப்ப ஒரு கேப்டிவ்ல, அதாவது ஒரு வெளிநாட்டு கம்பெனி தன் சொந்த வேலைக்குன்னே இங்க நடத்துற ஆபீஸ்ல இருக்கேன், மூணுலயும் நல்ல மனுசங்களையும் பாத்தேன், பாடாப்படுத்துறவங்களையும் பாத்தேன், ஆனா மூணு இடத்துலயும் ஜனங்க எதுக்கு பயப்படுறாங்கங்கிறது மட்டும் வேற வேற.

சர்வீஸ்லேர்ந்தே ஆரம்பிப்போம், அதாவது மத்த கம்பெனிங்களுக்கு சாஃப்ட்வேர் வேலை பாத்துக் கொடுக்கிற கம்பெனிங்க, ஏன்னா சென்னைல ஓஎம்ஆர்ங்கிற பழைய மகாபலிபுரம் ரோடே அதுலதான் எழும்புச்சு. தரமணில டைடல் பார்க்கை 2000 ஜூலைல வாஜ்பாய் வந்து திறந்து வச்சார், அதுக்கப்புறம் சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி சிப்காட்னு தெக்க தெக்க இறங்கிக்கிட்டே போச்சு. இங்க வித்தது சாஃப்ட்வேர் இல்ல, மணி நேரம். டைம் அண்ட் மெட்டீரியல்னு சொல்ற காண்ட்ராக்ட்ல இத்தனை பேர், இத்தனை மணி நேரம், மணிக்கு இவ்ளோ டாலர்னு கிளையண்டுக்கு பில் போகும். மொத்த வேலைக்கும் ஒரே விலை பேசுற ஃபிக்ஸட் பிரைஸ்லயும் உள்ளுக்குள்ள கணக்கு ஆள் கணக்குதான். அதனாலதான் வெள்ளிக்கிழமை சாயங்காலமானா டைம்ஷீட் போடச் சொல்லி அத்தனை மெயில், சம்பளமே வரலைன்னாலும் அவ்ளோ ரிமைண்டர் வராது. உங்க டைம்ஷீட்தான் அவங்களுக்கு இன்வாய்ஸ்.

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மணிக்கு 25 டாலர்னு வச்சுக்குவோம், நாளைக்கு 8 மணி நேரம், மாசத்துக்கு 21 நாள். 4200 டாலர். டாலர் 85 ரூபாய்னு வச்சா மூன்றரை லட்சத்துக்கு மேல. டிசிஎஸ் நிஞ்ஜா ஆஃபர்னு காலேஜ் முடிச்சு புதுசா சேர்ற ஒரு ஃப்ரெஷருக்கு வருஷத்துக்கே 3.36 லட்சம்தான். ஒரு மாச பில்லும் ஒரு வருஷ சம்பளமும் கிட்டத்தட்ட ஒண்ணு. இதைச் சொன்னதும் பசங்க கொதிச்சுப் போயிடுறாங்க, ஆனா நடுவுல ப்ராஜெக்ட் இல்லாம சும்மா பெஞ்ச்ல இருக்கிறவனோட சம்பளம் இருக்கு, சேல்ஸ் டீம் இருக்கு, பில்டிங் வாடகை, பஸ்ஸு, கிளையண்ட் கேக்குற டிஸ்கவுண்ட் எல்லாம் இருக்கு, அதெல்லாம் போயிதான் டிசிஎஸ்ல 24, 25 சதவீதம், இன்ஃபோசிஸ்ல 21 பக்கம்னு ஆப்பரேட்டிங் மார்ஜின் நிக்குது. அதுவே ரொம்பப் பெரிய மார்ஜின்தான், இல்லன்னு சொல்லல. ஃப்ரெஷர் சம்பளம் பதினஞ்சு வருஷமா மூணு லட்சத்தைச் சுத்தியே நிக்கிறதுக்கும் அந்த மார்ஜினுக்கும் நேரடி சம்பந்தம் இருக்குங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல. அண்ணா யுனிவர்சிட்டிக்கு கீழ இத்தனை நூறு காலேஜ் இருக்கிற வரைக்கும் அந்த நம்பரை ஏத்தணும்னு அவங்களுக்கு அவசியமும் இல்ல.

மணி நேரத்தை விக்கிறதுல ஒரு சிக்கல் இருக்கு. லாட்ஜ் ரூம் மாதிரிதான், இன்னிக்கு ராத்திரி காலியா போன ரூமை நாளைக்கு சேத்து வாடகைக்கு விட முடியாது. நீங்க பெஞ்ச்ல உக்காந்த ஒவ்வொரு நாளும் அவங்களுக்கு அப்படிப் போன ரூம். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா சர்வீஸ் கம்பெனில நடக்குற பாதி கூத்து புரிஞ்சிடும். ஆளுங்களை ப்ராஜெக்ட்டுக்கு ஒதுக்குற ஆர்எம்ஜி டீம் ஏன் ஜாவா படிச்ச பிள்ளையை மெயின்ஃப்ரேம் ப்ராஜெக்ட்ல தூக்கிப் போடுறாங்க, புனேல ஓபனிங் இருக்கு நாளன்னிக்கு கிளம்புங்கிறாங்க, எல்1 சப்போர்ட்ல ராத்திரி ஷிஃப்ட்டா இருந்தாலும் எடுத்துக்கோங்கிறாங்க, எல்லாம் அதுக்குத்தான். 2025 ஜூன்ல டிசிஎஸ் ஒரு பாலிசி கொண்டு வந்துது, வருஷத்துல 225 நாள் பில்லிங்ல இருக்கணும், பெஞ்ச்ல 35 நாளுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு. நியூஸ்ல வந்தப்ப எல்லாரும் ஐயோ ஐயோன்னாங்க. எனக்கு ஆச்சரியமா இல்ல, இத்தனை நாளா மேனேஜர் மனசுக்குள்ள இருந்த கணக்கை நம்பர் போட்டு எழுதிட்டாங்க, அவ்ளோதான்.

இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023 அக்டோபர்ல வாரத்துக்கு 70 மணி நேரம் இளைஞர்கள் வேலை பாக்கணும்னு சொன்னது ஞாபகம் இருக்கும். அவரை எல்லாரும் திட்டித் தீத்தாங்க, மீம் போட்டாங்க. ஆனா ஒண்ணு யோசிங்க, மனுசனோட மணி நேரத்தை ஏற்றுமதி பண்ணியே ஒரு இண்டஸ்ட்ரியை உண்டாக்குனவங்கள்ல ஒருத்தர் அவர், நாட்டு முன்னேற்றத்துக்கு என்ன வழின்னு கேட்டா அவர் வேற எதைக் கூட்டச் சொல்லுவார்?

சரி, பயம் எப்படி மாறுதுன்னு சொன்னேன்ல. சர்வீஸ்ல பயம் பில்லிங் போயிடுமோங்கிறது. அதனால கிளையண்ட் தூங்குற வரைக்கும் டீம்ஸ்ல பச்சை லைட் எரியணும், எட்டு மணிக்கு ஸ்டேட்டஸ் கால், வேலை முடிஞ்சாலும் கிளம்ப மாட்டாங்க. இதோட கொடுமை அதிகமா விழுறது யார் மேலன்னு பாத்தா பிரசவ லீவு முடிஞ்சு வர்ற பொண்ணுங்க மேல. 2017ல சட்டத்தைத் திருத்தி 26 வாரம் ஆக்குனாங்க, நல்ல சட்டம், அம்பது பேரோ அதுக்கு மேலயோ இருந்தா குழந்தை காப்பகம் வசதி இருக்கணும்னும் அதுல இருக்கு. ஆனா ஆறு மாசம் அந்த சீட் கிளையண்டுக்கு காலியா இருக்க முடியாதுன்னு வேற ஆளைப் போட்டிருப்பாங்க, திரும்பி வர்றப்ப நேரா பெஞ்சு. பால் குடுக்கிற பிள்ளையை வீட்ல விட்டுட்டு மறுபடி இண்டர்னல் இண்டர்வியூ, "நைட் ஷிஃப்ட் ஓகேவா?"ங்கிற கேள்வி. அந்த வருஷ ரேட்டிங்ல வந்து நிக்கிறது "மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்"க்கு ஒரு படி கீழ. என் கூட இருந்த ரெண்டு பேர் அப்படியே வேலையை விட்டுட்டுப் போனாங்க, ரெண்டு பேருமே என்னை விட நல்லா கோடு எழுதுறவங்க. யாரும் அவங்களைப் போகச் சொல்லல, எந்த மேனேஜரும் மோசமா பேசல. கணக்கு அப்படி இருந்துது.

இதைப் படிச்சுட்டு சர்வீஸ் வேஸ்ட்டுன்னு சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. எங்க ஊர் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்னு இருந்த குடும்பத்துலேர்ந்து இங்கிலீஷ் தடுமாறிப் பேசுற பிள்ளையை எடுத்து, மூணு மாசம் சம்பளம் கொடுத்து ட்ரெய்னிங் கொடுத்து, எந்த சாதி யார் பிள்ளைனு பெருசா நோண்டாம வேலையில உக்கார வச்சது இந்த கம்பெனிங்கதான். ப்ராடக்ட் கம்பெனி எதுவும் அப்ப எங்க காலேஜுக்கு வந்ததே இல்ல. அந்த நன்றி எனக்கு உண்டு. அந்த நன்றிக்காக பதினஞ்சு வருஷம் அங்கயே கிடக்கணும்னு இல்ல, அதான் விஷயம்.

இப்ப ப்ராடக்ட். இங்க ஒரு தடவை செஞ்சதை ஆயிரம் பேருக்கு விக்கிறாங்க, அதனால உங்க மணி நேரத்துக்கு நேரடியா விலை இல்ல. நாலு மணிக்கு கிளம்பினாலும் யாரும் கேக்கல, நான் சேந்த புதுசுல அது எனக்கு நம்பவே முடியல. ஆனா இங்க வேற மாதிரி அடி. நீங்க எழுதுனதை ஜனங்க யூஸ் பண்றாங்களா, யூஸ் பண்ணா காசு குடுக்கிறாங்களா, குடுத்தா அடுத்த வருஷமும் ரின்யூ பண்றாங்களா. பண்ணலைன்னா நீங்க எவ்ளோ நேரம் உக்காந்தீங்கங்கிறதுக்கு மதிப்பே கிடையாது, அந்த ஃபீச்சரே போயிடும், சில சமயம் அந்த டீமே போயிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆன் கால் அலாரம் அடிக்கும், அப்ப திட்டுறதுக்கு கிளையண்ட்னு ஒருத்தர் இருக்க மாட்டார், உடைஞ்சது உங்க கோடு, கோடு மாத்துனது யாருன்னு பதிவாகுற கிட்ல யார் பேர் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

சென்னைல இதுக்கு ரெண்டு பெரிய உதாரணம் இருக்கு, ரெண்டும் ஒரே வேர்லேர்ந்து வந்தது. 1996ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சு 2009ல ஸோஹோன்னு பேர் மாத்துனது ஒண்ணு. அங்க வேலை பாத்துட்டு வெளிய வந்த கிரிஷ் மாத்ருபூதம் 2010ல ஆரம்பிச்ச ஃப்ரெஷ்டெஸ்க், பிற்பாடு ஃப்ரெஷ்வொர்க்ஸ், அது ஒண்ணு. ரெண்டும் ப்ராடக்ட்தான், ரெண்டும் கஸ்டமர் சப்போர்ட், கஸ்டமர் விவரத்தை நிர்வகிக்கிற சிஆர்எம்னு கிட்டத்தட்ட ஒரே சந்தையில விக்குது. ஆனா ஸோஹோக்காரங்க வெளி முதலீடே வேணாம், ஷேர் மார்க்கெட்டே வேணாம்னு தனியார் கம்பெனியாவே வச்சிருக்காங்க, ப்ளஸ் டூ முடிச்ச பசங்களுக்கு சொந்தமா ஸ்கூல் நடத்தி ஆள் எடுக்குறாங்க, தென்காசி பக்கம் மத்தளம்பாறையில ஆபீஸ் போடுறாங்க. ஃப்ரெஷ்வொர்க்ஸ்காரங்க வென்சர் கேப்பிடல் வாங்கி வேகமா வளந்து 2021 செப்டம்பர்ல நாஸ்டாக்ல லிஸ்ட் பண்ணாங்க, அன்னிக்கு 500 பேருக்கு மேல கோடீஸ்வரங்க ஆனாங்கன்னு எல்லா பேப்பர்லயும் வந்துது, நிஜமாவே சந்தோஷமான செய்தி அது. அதே கம்பெனி 2024 நவம்பர்ல 660 பேரை, அதாவது 13 சதவீதம் பேரை அனுப்பிச்சுது, அதே சமயத்துல 400 மில்லியன் டாலருக்கு தன்னோட ஷேரையே திரும்ப வாங்கப் போறதா அறிவிச்சுது. ஸோஹோவை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஸ்ரீதர் வேம்பு அதைப் பத்தி காட்டமா எழுதுனார்.

நான் இதுல யார் நல்லவங்கன்னு தீர்ப்பு சொல்ல வரல. ப்ராடக்ட்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாலும் வெளி ஷேர்ஹோல்டர் இருக்கிற இடத்துல அவங்களும் ஒரு கஸ்டமர், அவங்களுக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏதாவது விக்கணும். மார்ஜின் கூடுச்சுன்னு காட்டணும்னா அதுக்கு ஆள் குறைப்பு ஒரு வழி. வெளி ஷேர்ஹோல்டர் இல்லாத இடத்துல அந்த நெருக்கடி இல்ல, ஆனா ஒரே நாள்ல கோடீஸ்வரன் ஆகுற வழியும் இல்ல. ரெண்டுல எது உங்களுக்கு ஒத்து வரும்ங்கிறது வீட்டுக் கடன் இருக்கா, அப்பா அம்மா மருத்துவ செலவு யார் தலையில, கூட சம்பாதிக்க ஆள் இருக்காங்கிறதைப் பொறுத்தது. இருபத்து நாலு வயசுல ரூம்ல தங்கி இருக்கிறவனும், பள்ளிக்கரணைல ஃப்ளாட் வாங்கி இஎம்ஐ கட்டுறவளும் ஒரே பதிலை எடுத்துக்க முடியாது.

ஸ்டார்ட்அப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். ஆரம்ப கட்ட ஸ்டார்ட்அப் விக்கிறது ப்ராடக்டை இல்ல, அடுத்த ரவுண்டு முதலீட்டாளருக்கு ஒரு நம்பிக்கையை. அதனால டெமோக்கு முந்தின ராத்திரி எல்லாரும் ஆபீஸ்ல இருப்பீங்க, டெமோல காட்டாத பகுதி ஆறு மாசம் உடைஞ்சே கிடக்கும். கத்துக்க அதைவிட நல்ல இடம் இல்ல, அது உண்மை. ஈசாப், அதாவது கம்பெனி ஷேரைப் பிற்பாடு குறிச்ச விலைக்கு வாங்கிக்கிற உரிமை (ஆப்ஷன்) தர்றோம்னு சம்பளத்தைக் குறைப்பாங்க, அப்ப ஒண்ணு கேளுங்க: வேலையை விட்டா வெஸ்ட் ஆன, அதாவது உங்களுக்குன்னு உறுதியான ஆப்ஷனை எத்தனை நாளுக்குள்ள எக்சர்சைஸ் பண்ணணும், காசு கட்டி ஷேரா வாங்கணும்? சில இடத்துல மூணு மாசம்தான். பெரும்பாலும் எக்சர்சைஸ் பண்றப்பவே, வாங்குற விலைக்கும் அன்னிக்கு இருக்கிற மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை உங்க சம்பளமா கணக்கு பண்ணி வருமான வரி பிடிப்பாங்க, அந்த ஷேரை வெளிய விக்க சந்தையே இருக்காது. கையில இல்லாத காசுக்கு கையில இருக்கிற காசுலேர்ந்து வரி கட்டணும். இதைப் புரிஞ்சுக்காம லட்சக்கணக்குல ஆப்ஷனை விட்டுட்டு வந்தவங்க இருக்காங்க.

இப்ப எல்லாருக்கும் கனவா இருக்கிற கேப்டிவ், புதுப் பேர் ஜிசிசி (குளோபல் கேபபிலிட்டி சென்டர்). ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டு பேங்க் சென்னைல இந்த மாதிரி ஆபீஸ் ரொம்ப வருஷமா நடத்துறாங்க, வேர்ல்ட் பேங்க்குக்கு தரமணில இருக்கு. ஃபோர்டு கதை இன்னும் சுவாரஸ்யம், மறைமலை நகர்ல கார் பண்றதை 2022ல நிறுத்திட்டாங்க, பாக்டரி ஆளுங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்க, ஆனா சோழிங்கநல்லூர்ல உள்ள அவங்களோட பிசினஸ் சென்டர் பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருந்துது. சொல்லப் போனா காக்னிசன்ட்டே 1994ல சென்னைல டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டோட சொந்த வேலைக்குன்னு ஆரம்பிச்ச கேப்டிவ்தான், அப்புறம்தான் வெளி கிளையண்டுக்கு வித்து இப்படி வளந்துது. ஜிசிசி ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பேசுறவங்களுக்காக சொல்றேன்.

கேப்டிவ் எதையும் விக்கிறதில்ல. இது கேக்க நிம்மதியா இருக்கும், பில்லிங் இல்ல, பெஞ்ச் இல்ல, சம்பளமும் நல்லா இருக்கு. ஆனா எதையும் விக்காத இடத்துக்கு கணக்குல பேர் செலவு. சிக்காகோலயோ லண்டன்லயோ ஒருத்தர் எக்செல் ஷீட்ல பாக்குற ஒரு வரி நீங்க. வேலை நல்லா பண்ணிட்டிருக்கிற டீமை, இங்க யாரும் தப்பு பண்ணாமலேயே, அங்க ஐடிக்குத் தலைவரான சிஐஓ மாறினதும் கிராக்கோவுக்கோ ஹைதராபாத்துக்கோ மாத்திடுவாங்க. இங்க கல்ச்சர் ரொம்ப சாஃப்ட், ஒருத்தரும் சத்தம் போட்டுப் பேச மாட்டாங்க, ஆனா முக்கியமான முடிவு எதுவும் இங்க எடுக்கப்படாது, ஆர்க்கிடெக்சர் டாகுமெண்ட் அங்கேர்ந்து வரும், நீங்க இம்ப்ளிமெண்ட் பண்ணணும். அதனாலதான் இண்டர்வியூல நான் எப்பவும் கேக்கச் சொல்றது, இந்த சிஸ்டத்துக்கு முடிவெடுக்கிற ஆள் சென்னைல உக்காந்திருக்காரான்னு. ஆமான்னா, அவர் பேரும் அவர் டீமும் என்னன்னு கேளுங்க. சுத்தி வளைச்சு பதில் சொன்னா புரிஞ்சுக்கோங்க.

எல்லா வகை கம்பெனிலயும் பொதுவா இருக்கிற ஒரு வியாதி நோட்டீஸ் பீரியடு. 90 நாள். இது வந்த காரணமும் பில்லிங்தான், ஆள் போனா சீட் காலியாகும், அடுத்த ஆளைப் பிடிச்சு கேடி, அதாவது அவருக்கு வேலையைச் சொல்லிக் கொடுக்கிறது முடிச்சு கிளையண்ட் சரின்னு சொல்ற வரைக்கும் ஆள் வேணும். ஒரு கம்பெனி ஆரம்பிச்சா பக்கத்து கம்பெனியும் வைக்கணும், இல்லன்னா அவங்க ஆளுங்களை மட்டும் சீக்கிரம் தூக்கிடுவாங்க. இதோட பலன் என்னன்னு பாருங்க. மூணு மாசம் காத்திருக்க எவனும் தயாரா இல்ல, எல்லா விளம்பரத்துலயும் இம்மீடியட் ஜாயினர் வேணுங்கிறான். அதனால பசங்க கையில வேலை இல்லாமயே முதல்ல பேப்பர் போட்டு ராஜினாமா பண்ணிடுறாங்க, அப்புறம் அந்த மூணு மாசத்துல ஒரு ஆஃபர் வாங்கி, அதைக் காட்டி இன்னொண்ணு, அதைக் காட்டி மூணாவதுன்னு ஏலம் விடுறாங்க. ஜாயின் பண்ற அன்னிக்கு காலைல போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணிடுறாங்க. இப்ப ஹையரிங் பண்ற பக்கம் உக்காந்து பாக்குறப்ப தலை சுத்துது, ஆனா பசங்களை மட்டும் ஒழுக்கம் இல்லன்னு திட்டுற எச்ஆருங்களைப் பாத்தா எனக்கு சிரிப்புதான் வரும். ஆன்போர்டிங் தேதியை மாசக்கணக்கா தள்ளிப் போட்டு ஃப்ரெஷருங்களை வீட்ல உக்கார வச்சதும் இதே இண்டஸ்ட்ரிதானே.

ஆஃபர்னதும் சிடிசி ஞாபகம் வருது, அதாவது கம்பெனி உங்களுக்காகப் பண்ற மொத்த வருஷச் செலவு. பசங்க அந்தப் பெரிய நம்பரை மட்டும் பாத்துட்டு ஊருக்கு போன் பண்ணிடுறாங்க. கம்பெனி கட்டுற பிஎஃப் அதுக்குள்ள இருக்கும். கிராஜுவிட்டின்னு பேசிக்ல 4.81 சதவீதம் போட்டிருப்பாங்க, அது எங்கேர்ந்து வந்த நம்பர்னா வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாசத்தை 26 வேலை நாளா எடுத்து வகுக்கிறது. பர்மனென்ட் ஆளுங்களுக்கு அஞ்சு வருஷம் ஒரே கம்பெனில இருந்தாதான் அது கைக்கு வரும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தாவுறவனுக்கு அது பேப்பர்ல மட்டும் உள்ள காசு. கூடவோ குறையவோ வர்ற வேரியபிள் பே இன்னொண்ணு, போன வருஷம் எத்தனை சதவீதம் கொடுத்தீங்கன்னு நேரா கேக்கணும், கேட்டா ஆஃபரைத் தூக்கிடுவாங்களோன்னு பயப்பட வேண்டாம், அதுக்காகத் தூக்குற கம்பெனில சேராம இருக்கிறது நல்லது.

அடுத்து முப்பத்தஞ்சு நாப்பது வயசு. இதைப் பத்தி பசங்க கேக்க மாட்டாங்க, ஆனா அப்பா அம்மாங்க கேப்பாங்க, "அதுக்கப்புறம் வேலைய விட்டு அனுப்பிருவாகளாமே?"ன்னு. பயம் தப்பில்ல. சர்வீஸ் கம்பெனி ஒரு பிரமிடு, கீழ ஃப்ரெஷருங்க நிறைய இருந்தாதான் சராசரி செலவு இறங்கும். பத்து பன்னெண்டு வருஷம் ஆன ஆளுக்கு சம்பளம் ஏறிடும், ஆனா கிளையண்ட் அவருக்குன்னு ரேட்டை அந்த அளவு ஏத்த மாட்டான். அதனால அவரை மேனேஜர் ஆக்கி, அவர் தலையில இருபது பேரைப் போட்டு செலவைப் பிரிச்சுடுவாங்க. அவரும் கோடு எழுதுறதை விட்டுட்டு எக்செல், பிபிடி, எஸ்கலேஷன் கால்னு ஆயிடுவார். நாலு வருஷம் கழிச்சு பிரமிடு மேல கனமாயிடுச்சுன்னு முதல்ல கை வைக்கிறது அந்த இடத்துலதான். 2025 ஜூலைல டிசிஎஸ் 2 சதவீதம், 12,000 பேர் பக்கம் குறைக்கப் போறோம்னு சொன்னப்ப பெரும்பாலும் நடு, மேல் லெவல் ஆளுங்கன்னுதான் சொன்னாங்க. எல்லாரும் ஏஐ ஏஐன்னு பேசுனாங்க, அதுல கொஞ்சம் இருக்கலாம், ஆனா இந்தப் பிரமிடு கணக்கு சாட்ஜிபிடி வர்றதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே இருந்துச்சு. ஆன்சைட், அதாவது வெளிநாட்டுல கிளையண்ட் இடத்துக்கே போயிட்டா தப்பிச்சிடலாம்னு ஒரு வழி இருந்துது, 2025 செப்டம்பர்ல அமெரிக்காவோட எச்1பி வேலை விசாவுக்குப் புது மனு போட்டா ஒரு லட்சம் டாலர்னு டிரம்ப் போட்டதும் சர்வீஸ் கம்பெனிக்கு அந்த வழியும் குறுகிடுச்சு.

அதனால எட்டாவது ஒன்பதாவது வருஷத்துல "லீடு" ஆக்குறோம்னு சொன்னா சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி, இனிமே வாரத்துல எத்தனை நாள் நான் கோடு தொடுவேன்னு கேட்டுக்கோங்க. மேனேஜ்மென்ட் உங்களுக்கு நிஜமாவே பிடிக்கும்னா தாராளமா போங்க, ஆளுங்களை நல்லா நடத்தத் தெரிஞ்ச மேனேஜர் ரொம்ப கம்மி. ஊர்ல கல்யாணப் பத்திரிகைல போட்டுக்க ஒரு டைட்டில் வேணுங்கிறதுக்காக போகாதீங்க.

அந்த டைட்டிலுக்கு சட்டத்துலயும் ஒரு விலை இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியல. ஐடி ஆளுங்களுக்கு தொழிலாளர் சட்டமே கிடையாதுன்னு ஆபீஸ்ல ஒரு வதந்தி எப்பவும் ஓடும். அப்படி இல்ல. 2015 ஜனவரில டிசிஎஸ்லேர்ந்து நீக்கப்பட்ட ஒரு கர்ப்பிணிப் பொண்ணு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்குனாங்க, கம்பெனி அவங்க நீக்கத்தை வாபஸ் வாங்குச்சு. 2016ல தமிழ்நாடு அரசே தொழில் தகராறு சட்டத்துலேர்ந்து ஐடி கம்பெனிங்களுக்கு விலக்கு எதுவும் இல்ல, சங்கம் வைக்கலாம்னு தெளிவுபடுத்துச்சு. ஆனா சட்டம் பாதுகாக்கிறது தொழிலாளியை, நிர்வாகம் பண்றவரை இல்ல. கார்டுல மேனேஜர்னு இருந்தாலும் கோர்ட் பாக்குறது நீங்க நிஜமா என்ன வேலை பாத்தீங்கன்னுதான், ஆளை எடுக்க நீக்க லீவு குடுக்க உங்களுக்கு அதிகாரம் இருந்துதா, இல்ல நாள் பூரா கோடுதான் எழுதுனீங்களான்னு. அதை நிரூபிக்க வேண்டியது உங்க பாடு, அதனால உங்க ரோல் என்னன்னு சொல்ற மெயில், அப்ரைசல் ஃபார்ம்ல உள்ள கோல்ஸ், ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப் இதெல்லாம் உங்க சொந்த காப்பியா இருக்கட்டும், கம்பெனி லேப்டாப்புக்குள்ள மட்டும் இருந்தா ஆக்சஸ் போற அன்னிக்கு எல்லாம் போயிடும். கிளையண்ட் டேட்டாவையோ கோடையோ தொடாதீங்க, அது வேற வம்பு.

ஒரு நாள் எச்ஆர் ரூமுக்குக் கூப்பிட்டு, ரெண்டு பேர் எதிர உக்காந்து, நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் நல்லபடியா கிடைக்கும், இல்லன்னா டெர்மினேஷன்னு போட்டுடுவோம், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல மாட்டிக்குவீங்கன்னு சொல்லுவாங்க. அரை மணி நேரத்துல முடிவெடுக்கச் சொல்லுவாங்க, போனை வெளிய வச்சுட்டு வரச் சொல்லுவாங்க. அங்க கையெழுத்து போடாதீங்க. ரிசைன் பண்ணா சட்டப்படி நீங்களா போனது, ஆள் குறைப்புக்கு வர வேண்டிய நஷ்டஈட்டைக் கேக்கிறது ரொம்பக் கஷ்டமாயிடும். வீட்ல கேட்டுட்டு சொல்றேன், நீங்க சொன்னதை மெயில்ல அனுப்புங்கன்னு சொல்லிட்டு எழுந்து வந்துடுங்க. மெயில் பெரும்பாலும் வராது. வராட்டியும் பரவால்ல, அன்னிக்கு சாயங்காலமே என்ன நடந்துது, யார் யார் இருந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு நீங்களே ஒரு மெயில் எச்ஆருக்குப் போட்டு உங்க பர்சனல் ஐடிக்கும் பிசிசி வச்சுட்டு, அதுக்கப்புறம் ஒரு லேபர் வக்கீலையோ சங்கத்தையோ போய்ப் பாருங்க. பேரம் பேசுறதா இருந்தாலும் அதுக்கப்புறம் பேசுங்க. ரெண்டு மாசம் சம்பளம் தர்றோம்னு முதல்ல சொன்னவங்க நாலு மாசத்துக்கு வந்ததை நான் பாத்திருக்கேன்.